குடியும் போதையும்: உலகம் செல்லும் திசை

உழைத்துக் களைத்த உடலுக்குச் சிறிது மது தேவை என்று கூறுவோர் நம்மிடையே உளர். குடிப்பழக்கம் மனித குலத்தோடு பிறந்தது, அதனை எவராலும் மாற்ற இயலாது என்பார் வேறு சிலர். உலகமே குடிக்கிறது, நாம் மட்டும் விலகியிருப்பதேன் என்று வினவுவோரும் உண்டு. இக்கூற்றுகள் உண்மைதானா என்பதை அறிய வேண்டுமாயின், உலக நாடுகளில் குடியும் போதைப்பழக்கமும் எத்திசையில் சென்று கொண்டிருக்கின்றன என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்கும்போது இரண்டு செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று நமக்கு நம்பிக்கையூட்டுவது. மற்றொன்று நம்மை எச்சரிப்பது.

குறைந்து வரும் குடி

முதலில் நம்பிக்கையூட்டும் செய்தியைக் காண்போம். உலகமே குடிக்கிறது என்பது உண்மையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 15 வயதிற்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 57 பேர் அதற்கு முந்திய 12 மாதங்களில் ஒரு துளி மதுவையும் அருந்தியவர் அல்லர். அதாவது, உலகில் குடிப்பவர்களைவிடக் குடியாதவர்களே மிகுதி.

குடிப்பவர்கள் அருந்தும் அளவும் சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. 2010ஆம் ஆண்டில் உலகில் தலைக்கு 5.7 லிட்டர் சுத்த ஆல்ககால் ஓராண்டில் அருந்தப்பட்டது. 2019இல் அது 5.5 லிட்டராகக் குறைந்தது. சுத்த ஆல்ககால் 5.5 லிட்டர் என்பது நூற்றுக்கு ஐந்து பங்கு ஆல்ககால் கொண்ட பீர் 110 லிட்டருக்கு ஈடாகும். இக்குறைவு சிறிதெனினும், திசை எது என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

செல்வ நாடுகளின் இளைஞரிடையே இம்மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பிய நாடுகளில் 15, 16 வயது மாணவர்களிடையே 1995 முதல் தொடர்ந்து ஆய்வு நடத்தப்பட்டு வருகிறது. முதல் ஆய்வில் நூற்றுக்கு 88 மாணவர்கள் மதுவை ஒரு முறையேனும் சுவைத்திருந்தனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் அத்தொகை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் 2025இல் எடுக்கப்பட்ட காலப் கருத்துக் கணிப்பில், மது அருந்துவதாகக் கூறிய பெரியவர்கள் நூற்றுக்கு 54 பேர் மட்டுமே. அந்நிறுவனம் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கியது 1939இல். அன்று முதல் இவ்வளவு குறைந்த தொகை பதிவானதில்லை. ஜப்பானிலோ, இளைஞர்கள் மதுவைக் கைவிட்டு வருவதால் வரி வருமானம் குறைந்தது. ஆகவே 20 முதல் 39 வயதுடையோரிடையே மது விற்பனையைப் பெருக்குவதற்கு யோசனைகள் கேட்டு, அந்நாட்டு வரி இலாகாவே 2022இல் ஒரு போட்டியை நடத்தியது. இளைஞர் குடிக்க மறுத்ததனால் ஓர் அரசாங்க இலாகா கவலையுற்ற வேடிக்கை இது.

எனினும் நாம் இங்கு ஒன்றை மறத்தலாகாது. மேலை நாடுகளில் விற்பனை தளரும்போது, பெரிய மதுபான நிறுவனங்களின் பார்வை இளைஞர் தொகை மிகுந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மீது திரும்புகிறது. அவர்கள் கைவிடும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு நாகரிகம் என்னும் பெயரில் வந்து சேரலாம்.

தானாக நிகழ்ந்ததா?

இக்குறைவு தானாக நிகழ்ந்ததன்று. குடிக்குப் பெயர்போன நாடுகளே முயன்று அதனைக் குறைத்துள்ளன.

இரஷ்ய நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு 1990களின் தொடக்கத்தில் ஆடவரின் சராசரி ஆயுள் 57 ஆண்டுகளாகச் சரிந்திருந்தது. அச்சரிவுக்குக் குடி ஒரு முக்கியக் காரணம். பின்னர் அந்நாடு மதுவின் மீது வரியை உயர்த்தியது, இரவு நேர விற்பனையைத் தடுத்தது, விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. 2003க்கும் 2016க்கும் இடையில் அங்கு குடியின் அளவு நூற்றுக்கு 43 பங்கு குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. 2018இல் ஆடவரின் சராசரி ஆயுள் 68 ஆண்டுகளாக உயர்ந்தது. ஸ்காட்லாந்து மற்றொரு வழியைக் கையாண்டது. மிக மலிவான மதுவே ஏழைகளை மிகுதியாகக் கொல்கிறது என்பதை உணர்ந்து, ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழ் மதுவை விற்கக்கூடாது என்னும் சட்டத்தை 2018 மே மாதம் நடைமுறைப்படுத்தியது. மதுவினால் நேரிடையாக விளையும் மரணங்கள் அதன் பயனாக நூற்றுக்கு 13 பங்கு குறைந்தன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

ஐஸ்லாந்து என்னும் சிறு தீவு நாட்டின் அனுபவம் நம் தோட்டங்களுக்கு மிகவும் ஏற்றது. 1998இல் அந்நாட்டின் 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், ஆய்வுக்கு முந்திய ஒரு மாதத்திற்குள் குடித்து மயங்கியவர்களாக இருந்தனர். 2016இல் அத்தொகை நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்தது. அவர்கள் செய்தது என்ன? பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை முதலியவற்றில் பயிற்சியளிக்க உள்ளூர் மன்றங்கள் பணம் ஒதுக்கின. குறிப்பிட்ட நேரத்திற்குப் பின் பிள்ளைகள் தெருவில் சுற்றாதவாறு விதி செய்யப்பட்டது. பெற்றோர்கள் ஒன்றுகூடி, தம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மது வழங்குவதில்லை என உறுதி எடுத்துக்கொண்டனர். மாலை வேளைகளில் அவர்களே தெருக்களைச் சுற்றிப் பார்த்தும் வந்தனர். ஒரு பந்து, ஒரு திடல், கண்விழித்திருக்கும் பெற்றோர் ஆகியவை அந்நாட்டில் பெரும்பணியை ஆற்றின.

வயலிலிருந்து இரசாயனக் கூடத்திற்கு

இனி எச்சரிக்கைச் செய்தியைக் காண்போம். மதுவின் நிலை இவ்வாறிருக்க, போதைப்பொருளின் நிலை வேறாக உள்ளது. ஐக்கிய நாட்டுச் சபையின் போதைப்பொருள் அலுவலகம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ஆம் ஆண்டில் உலகில் 31 கோடியே 60 இலட்சம் பேர் ஏதேனும் ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள் 24 கோடிக்கு மேற்பட்டோர் கஞ்சாவைப் பயன்படுத்தியவர்கள்.

தொகையைக் காட்டிலும் பொருளின் தன்மை மாறியிருப்பதே கவலைக்குரியது. முற்காலத்தில் போதைப்பொருள் என்பது பெரும்பாலும் செடியிலிருந்து வந்தது. அபினும் அதிலிருந்து எடுக்கப்படும் ஹெரோயினும் கசகசாச் செடியின் விளைவுகள். அவற்றுக்கு நிலம் வேண்டும், மழை வேண்டும், அறுவடை வேண்டும். ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் அச்செடியைப் பயிரிடுதல் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே பயிரிட்ட பரப்பு நூற்றுக்கு 95 பங்கு குறைந்தது. ஆனால் இன்று பரவி வருபவை இரசாயனக் கூடத்தில் செய்யப்படும் செயற்கைப் பொருள்கள். இவற்றுக்கு வயலும் வேண்டா, பருவமும் வேண்டா. ஒரு மறைவிடமும் சில இரசாயனங்களும் போதும். ஆகவே, இவற்றை மலிவாகவும் மிகுதியாகவும் செய்து குவிக்க முடிகிறது.

அமெரிக்காவில் பெண்டனில் என்னும் செயற்கை மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டதனால் நேர்ந்த அழிவை உலகம் அறியும். 2021 முதல் 2023 வரை, அளவு மீறிய போதையால் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024இல் அத்தொகை 80,000 அளவிற்குக் குறைந்தது. நம் வட்டாரத்தின் நஞ்சு வேறு. அது மெத்தம்பெட்டமின். நம் நாட்டில் பளிங்கு வடிவில் அதனைச் சியாபு என்பர். மாத்திரை வடிவில் பில் குடா என்பர். கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் 2024ஆம் ஆண்டில் மட்டும் 236 டன் மெத்தம்பெட்டமின் கைப்பற்றப்பட்டது. அதன் பெரும்பகுதி மியன்மாரின் ஷான் மாநிலத்தில் தயாரானது. நம் நாட்டிலும் இன்று போதைப்பித்தர்களாகப் பதிவானவர்களில் பெரும்பாலோர் இத்தகைய ஊக்கிப் பொருள்களுக்கு அடிமையானவர்களே.

களைப்பை வெல்லும் மாத்திரையா?

இப்பொருளின் வரலாறு பாட்டாளிகளாகிய நமக்கு ஒரு பாடமாகும். மெத்தம்பெட்டமின் முதன்முதலில் ஜப்பானில் 1893இல் தயாரிக்கப்பட்டது. 1941இல் அது ஹிரோப்பான் என்னும் பெயரில் அந்நாட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. களைப்பைப் போக்கும், உறக்கத்தை விரட்டும் என்று அதனை விளம்பரம் செய்தனர். போருக்குப் பின் அந்நாட்டில் எண்ணற்றோர் அதற்கு அடிமையாகிச் சித்தம் கலங்கினர். 1951இல் அரசாங்கம் சட்டமியற்றி அதனைக் கட்டுப்படுத்தியது. தாய்லாந்திலும் இதே கதைதான். நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் இரவில் கண்விழிக்க உண்ட அம்மாத்திரைக்கு அங்கு முதலில் குதிரை மருந்து என்று பெயர். 1996இல் அதற்குப் பைத்திய மருந்து என்று பெயர் மாற்றம் செய்தனர். நம் நாட்டில் வழங்கும் பில் குடா என்னும் பெயரும் குதிரை மாத்திரை என்றே பொருள்படும்.

விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டி, பின்னர் வேறு கூலி வேலைக்கும் செல்லும் இளைஞனிடம், இதனைப் போட்டால் களைப்புத் தெரியாது என்று ஒருவன் கூறக்கூடும். களைப்பு என்பது உடல் நமக்கு விடுக்கும் அறிவிப்பு. இம்மாத்திரை களைப்பைப் போக்குவதில்லை; அவ்வறிவிப்பை மட்டுமே நிறுத்துகிறது. கடன் வாங்கிய பலத்தை உடல் பின்னர் வட்டியுடன் இழக்கிறது. பசி மறைகிறது, உறக்கம் கெடுகிறது, இருதயம் படபடக்கிறது. நாளடைவில் யாரோ தன்னைத் துரத்துவதாகவும், மனைவி மக்களே தனக்கு எதிராகச் சதி செய்வதாகவும் தோன்றுகிறது. வீட்டில் வன்முறை நுழைவது இவ்வாறுதான்.

அண்மைக் காலத்தில் மற்றொரு வழியும் திறந்துள்ளது. மின்சிகரெட் எனப்படும் வேப் கருவியின் திரவத்தில் போதைப்பொருளைக் கலந்து விற்கின்றனர். எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் கொடுக்கும் மயக்க மருந்து. அதனையே வேப் திரவத்தில் கலந்து விற்றமையால், சிங்கப்பூர் அரசாங்கம் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் முதல் அதனைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. பழ வாசனை வீசும் ஒரு சிறு கருவி பிள்ளையின் பள்ளிப் பைக்குள் இருக்கக் கண்டால், பெற்றோர் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதி விட்டுவிடலாகாது.

மலிவுச் சாராயத்தின் மறைந்த நஞ்சு

செயற்கைப் போதைப்பொருளுக்கும் கள்ளச் சாராயத்திற்கும் பொதுவான ஒரு தீமை உண்டு. உள்ளே இருப்பது யாது என்பதை வாங்குபவன் அறியான். விலை மலிவு என்பது மட்டுமே அவன் அறிந்தது. அந்த அறியாமைக்கு அவன் தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடுகிறது.

மதுவில் உள்ள ஆல்ககாலுக்கு எத்தனால் என்று பெயர். மெத்தனால் என்பது வேறொரு வகை ஆல்ககால். அது சாயம், மெருகெண்ணெய் போன்றவற்றிற்குத் தொழிற்சாலைகளில் பயன்படுவது. விலை மிகவும் குறைவு. பேராசைக்காரர்கள் இதனைச் சாராயத்தில் கலந்து விடுகின்றனர். நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ இதனைக் கண்டறிய எவராலும் இயலாது. குடித்த மெத்தனாலை நம் கல்லீரல் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண்ணின் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கிறது. இரத்தத்தைக் கெடுத்து உயிரையும் பறிக்கிறது.

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் இத்தகைய நச்சு மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம்மில் பலர் நினைவுகூரலாம். மாண்டோரில் பலர், பிழைப்புத் தேடி வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சுக்குப் பலியாயினர். அவர்களிலும் அன்றாடக் கூலிகளே மிகுதி. அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியாங் நகரில் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் அறுவர் உயிரிழந்தனர்.

இந்நஞ்சைப் பற்றி ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மெத்தனாலின் கொடுமை உடனே தெரிவதில்லை. குடித்து 12 முதல் 24 மணி நேரம் சென்ற பின்னரே தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் ஆகியவை தோன்றலாம். பனிமூட்டத்தினூடே பார்ப்பது போல் கண் மங்குதல் இதன் முக்கிய அடையாளம். இதனை முந்திய நாள் போதையின் மிச்சம் என்று எண்ணி, மோர் கொடுத்துப் படுக்க வைப்பது பெருந்தவறு. அக்கணமே அவரை அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடித்த புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுதல் நலம். இந்நஞ்சுக்கு முறிவு மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் கருவியும் உண்டு. காலந் தாழ்த்தாமல் சென்றால் உயிரையும் பார்வையையும் காக்க இயலும். அதே புட்டியிலிருந்து குடித்த மற்றவர்கள், தங்களுக்கு ஒன்றும் இல்லையெனினும், உடன் சென்று தங்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முத்திரையிட்ட நல்ல மது தீங்கற்றது என்று இதனால் கொள்ளலாகாது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என 1988ஆம் ஆண்டிலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியது. உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று மதுவுக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் மதுவினால் உலகில் மாண்டோர் 26 இலட்சம் பேர். அவர்களுள் 20 இலட்சம் பேர் ஆடவர். குடும்பத்தின் உழைப்பாளி போன பின் அக்குடும்பத்தின் நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் தோட்டங்களின் வரலாறு

பிற நாடுகள் குடியைக் குறைத்தமைக்கு நாம் வியக்கிறோம். ஆனால் நம் தோட்டங்களிலேயே அத்தகைய எழுச்சி ஒன்று தோன்றியதை இளைஞர் பலர் அறியார். காலனி ஆட்சியில் அரசாங்க வருமானத்தின் பெரும்பங்கு அபினிலிருந்து வந்த காலம் ஒன்றிருந்தது. சீனத் தொழிலாளிக்கு அபின் கடையும் தமிழ்த் தொழிலாளிக்குக் கள்ளுக்கடையும் அன்று திறந்து வைக்கப்பட்டிருந்தன. உழைப்பவன் பெற்ற கூலி, மாலையில் மீண்டும் பிறர் பெட்டிக்கே திரும்பிச் சென்றது.

போர் முடிந்த பின்னர், கெடா மாநிலத்தில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சார்ந்த ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்த கணவர்களால் அல்லலுற்ற பெண்கள் அவ்வியக்கத்திற்குத் துணை நின்றனர். 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் ஏற்பட்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் படிப்பறிவுக்கு வாய்ப்பின்றி லயத்தில் வாழ்ந்த பாட்டாளிகள், குடி தம் விதியன்று என்று அன்றே உரைத்தனர். ஐஸ்லாந்துப் பெற்றோர் ஒன்றுகூடுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த செயல் இது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, நாம் கணக்குப் பார்க்கப் பழக வேண்டும். நாளொன்றுக்குக் குடிக்காக 10 வெள்ளி செலவிடுபவர், மாதத்தில் 300 வெள்ளியும், ஆண்டில் 3,650 வெள்ளியும் இழக்கிறார். நம் நாட்டில் 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இருமாதச் சம்பளத்திற்கு மேற்பட்ட தொகை ஆண்டுதோறும் புட்டியில் கரைந்து போகிறது. பிள்ளையின் உயர்கல்விக்கும், சொந்த வீட்டின் முன்பணத்திற்கும் அத்தொகை உதவியிருக்கும்.

இரண்டாவதாக, சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். 2017 டிசம்பர் 1ஆம் நாள் முதல் 21 வயதிற்குட்பட்டோருக்கு மது விற்றல் நம் நாட்டில் குற்றமாகும். 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, குடித்துவிட்டு வாகனம் ஓட்டி உயிரிழப்பை விளைவிப்பவருக்கு 10 முதல் 15 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் ஓர் இலட்சம் வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படும். இது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். 50 கிராம் மெத்தம்பெட்டமின் ஒருவரிடம் இருந்தால், அவர் அதனைக் கடத்துபவர் என்றே சட்டம் கருதும். 2023இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமன்று; ஆயினும் மரண தண்டனையோ, ஆயுட்சிறையும் பிரம்படியுமோ விதிக்கப்படும். எனவே, இப்பொட்டலத்தை அங்கே கொடுத்துவிட்டால் ஐம்பது வெள்ளி என்று கூறுபவனை நம் இளைஞர்கள் அண்டவிடக் கூடாது.

மூன்றாவதாக, அடிமையானவரை நாம் ஒதுக்கலாகாது. குடியும் போதையும் மூளையின் செயலை மாற்றிவிடும் நோய்கள். ஏச்சினால் அவை தீரா, சிகிச்சையினால் தீரும். ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு 2005 முதல் நம் நாட்டில் மெத்தடோன் மருந்து வழங்கப்பட்டு வருகிறது. அதனால் பலர் மீண்டும் வேலைக்குத் திரும்பியுள்ளனர். தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகங்களில், தாமாக முன்வருவோருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்கும். பல்லாண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே அத்தகையோர் மருத்துவரின் துணையுடன் நிறுத்துவதே முறை.

நான்காவதாக, மாலை நேரத்தை நாம் வெறுமையாக விடலாகாது. வெறுமையான மாலையில்தான் புட்டி நுழைகிறது. தோட்டத் திடலில் காற்பந்து, ஆலயத்தில் தேவார வகுப்பு, தமிழ்ப்பள்ளியில் இரவுப் பாட வகுப்பு, இளைஞர் மன்றத்தின் நூலகம் ஆகியவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. திருமணத்திலும் திருவிழாவிலும் மது பரிமாறுவதில்லை என்று ஒரு தோட்டத்தின் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தால், அதற்குச் செலவே இல்லை.

உலகம் செல்லும் திசையை நாம் கண்டோம். அறிந்தவர்கள் மதுவைக் குறைத்து வருகின்றனர். அறியாதவர்களையும் ஏழைகளையும் நோக்கி, மலிவான நஞ்சு புதிய பெயர்களுடன் வந்து கொண்டிருக்கிறது. இவ்விரண்டில் நம் தோட்டம் எப்பக்கம் நிற்கும் என்பதை முடிவு செய்வோர் அங்கு வாழும் நாமே. அடுத்த சம்பள நாளன்று, ஒவ்வொரு குடும்பத்திலும் கணவனும் மனைவியும் அமர்ந்து அக்கணக்கைப் போட்டுப் பார்ப்பார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.